வெள்ளீயம் எங்கே பிறந்தது? முதிர்ந்த பெருவிண்மீன்களும் கனத் தனிமங்களும்

இரும்பைவிடக் கனமான தனிமங்கள் எங்கே உருவாயின என்ற கேள்விக்கு 1940கள் தொடங்கி அடுத்தடுத்து விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. எந்த விடையும் முழுசாகத் தோற்கவில்லை; எதுவும் முழுசாக வெல்லவுமில்லை. சிக்கலின் வேர் எளியது. இலேசான அணுக்கருக்கள் இணையும்போது ஆற்றல் வெளிப்படுவது ஏறத்தாழ இரும்பு வரைதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் ஆற்றலைச் செலவிட வேண்டும். கருவின் நேர்மின்னேற்றம் கூடக்கூட, கருக்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் கூடுகிறது. ஆகவே விண்மீனின் வழக்கமான எரிதலில் வெள்ளீயமோ பேரியமோ ஈயமோ உருவாக வழியில்லை.

ஆனால் அவை இருக்கின்றன. திருத்தணி போன்ற மலைக்கோயில்களில் ஒலிக்கும் வெண்கல மணி செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வார்ப்பு. இன்றைய கணக்குப்படி, அந்தச் செம்பின் பெரும்பகுதி சூரியனைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் நிறை கொண்ட விண்மீன்களில் உருவானது. வெள்ளீயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அவற்றைவிடச் சிறிய விண்மீன்கள் முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்பெரு விண்மீன்களாக இருந்த காலத்தில் உருவானது. தங்கம் இந்த வழியில் மிகக் கொஞ்சமே கிடைக்கும். அதன் பிறப்பிடம் வேறு. வெள்ளீயம், பேரியம், சிர்க்கோனியம், ஈயம் ஆகியவற்றின் பிறப்பிடம் பற்றிய விடைகளும் அவற்றின் பலவீனங்களுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சமநிலையா, பெருவெடிப்பா?

முதல் விடைகளுள் ஒன்றைச் சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர். 1942இல் அவரும் லூயி ஹென்ரிச்சும் எழுதிய கட்டுரை, கடும் வெப்பத்தில் எல்லா அணுக்கரு வினைகளும் முன்னும் பின்னும் சமமாக நடந்தால் எந்தத் தனிமம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டது. எண்ணூறு கோடி டிகிரி வெப்பமும், கன சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கிராம் அடர்த்தியும் இருந்தால் இலேசான, நடுத்தரத் தனிமங்கள் பலவற்றின் விகிதம் ஓரளவு ஒத்துவந்தது. கனத் தனிமங்களோ கிட்டத்தட்ட இல்லாமலே போயின. ஒரே வெப்பநிலை, ஒரே அடர்த்தி என்ற நிபந்தனை போதாது என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். தோல்வியில் முடிந்த கணக்குதான். ஆனால் எந்தத் திசையில் தேடக்கூடாது என்பதை அது தெளிவாக்கியது.

1948இல் ரால்ஃப் ஆல்ஃபரும் ஜார்ஜ் காமோவும் வேறு வழியைச் சொன்னார்கள். பிரபஞ்சத்தின் தொடக்க நிமிடங்களில் நிறைந்திருந்த நியூட்ரான்களை அணுக்கருக்கள் ஒவ்வொன்றாக ஏற்று வளர்ந்தன என்பது அவர்கள் கருத்து. நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லாததால் அதைக் கரு தள்ளுவதில்லை. நியூட்ரானை எளிதில் ஏற்காத கருக்களே இயற்கையில் மிகுதியாகக் கிடக்கின்றன என்ற அளவீடும் இந்தக் கருத்துக்குத் துணை நின்றது. முட்டுக்கட்டை வேறிடத்தில் இருந்தது. நிறை எண் 5, 8 இரண்டிலும் நிலைத்த கரு கிடையாது. வேகமாக விரிந்து குளிரும் பிரபஞ்சத்தில் அந்த இடைவெளியைத் தாண்ட நேரமில்லை. இடத்தைத் தவறாகச் சொன்ன கோட்பாடு என்றாலும், நியூட்ரான் ஏற்பு என்ற வழிமுறையை அது சரியாகவே பிடித்தது.

இடைவெளியைத் தாண்டும் வழி விண்மீன்களில் கிடைத்தது. மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பனாக மாறலாம் என்று எட்வின் சால்பீட்டர் 1952இல் காட்டினார். அதற்குத் தேவையான ஆற்றல் மட்டம் ஒன்று கார்பன் கருவில் இருந்தே தீர வேண்டும் என்று ஃபிரெட் ஹாயில் 1953இல் முன்கூட்டிச் சொன்னது ஆய்வகத்தில் உறுதியானது. செம்பெரு விண்மீனின் உள்ளகத்தில் அடர்த்தியும் உண்டு, காலமும் தாராளமாக உண்டு.

டெக்னீசியம் என்ற சாட்சி

விவாதத்தைத் திருப்பியது கோட்பாடு அன்று, நிறமாலையில் தெரிந்த சில மெல்லிய கோடுகள். மவுண்ட் வில்சனில் பணியாற்றிய பால் மெரில், 1952இல் ஆர் ஆண்ட்ரோமீடே முதலிய சில சிவப்பு விண்மீன்களில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டறிந்ததாக அறிவித்தார். 4238, 4262, 4297 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் விழும் இந்தக் கோடுகள் நீலப் பகுதியைச் சேர்ந்தவை. சிவப்பு விண்மீன்கள் நீலத்தில் மங்கலாகவே ஒளிர்வதால் இவற்றைப் பதிவு செய்வது கடினம். சிர்க்கோனியம் ஆக்சைடு மூலக்கூறின் பட்டைகளோ அதே விண்மீன்களில் பளிச்செனத் தெரியும்.

டெக்னீசியத்துக்கு நிலைத்த ஐசோடோப்பே கிடையாது. நியூட்ரான் ஏற்பில் உருவாகும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் ஏறத்தாழ 2,11,000 ஆண்டுகள். இந்த விண்மீன்களின் வயதோ பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வருவது. பிறக்கும்போதே உடன் வந்த டெக்னீசியம் என்றோ அழிந்திருக்கும். எனவே இப்போது தெரிவது, அண்மையில் அந்த விண்மீனுக்குள்ளேயே உருவாகி மேற்பரப்புக்கு வந்ததாகத்தான் இருக்க முடியும். இந்தத் துறையில் இவ்வளவு குறைந்த அனுமானங்களோடு எட்டப்பட்ட முடிவு வேறில்லை எனலாம்.

மெரில் பார்த்த ஆர் ஆண்ட்ரோமீடே, மிரா வகையைச் சேர்ந்த மாறொளி விண்மீன். வெளியடுக்கு விரிந்து சுருங்குவதால் பல மாத இடைவெளியில் ஒளி கூடிக் குறையும் வகை அது. அந்த வகையில் ஒன்றைச் சென்னை வான்காணகத்தில் 1867 ஜனவரியில் கண்டுபிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தெற்கு வானில் உள்ள அந்த ஆர் ரெட்டிக்யூலி, சென்னையிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ பார்த்தால் உச்சத்தில்கூடத் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகையே எழும். ஐரோப்பிய வான்காணகங்களுக்கு அது எழுவதே இல்லை. சுமார் 278 நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி உச்சத்துக்கு வருகிறது. அந்த ஏற்ற இறக்கம் எந்த வாழ்க்கைக் கட்டத்தின் அறிகுறி என்பது விளங்க நூறாண்டுக்கு அருகில் ஆனது.

எல்லாச் சிவப்பு விண்மீன்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. திருவாதிரை மீன் சூரியனைவிடப் பல மடங்கு நிறை மிக்கது. வெடித்து முடியப் போவது. ரோகிணி, கனத் தனிமங்கள் உருவாகும் கட்டத்தை இன்னும் எட்டவில்லை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குரிய கார்த்திகை மீன்களோ சுமார் பத்துக் கோடி ஆண்டே வயதான இளம் நீல விண்மீன்கள்.

படிக்குப் படி நின்று ஏறுதல்

1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஹாயில் நால்வரும், தனியாக ஆலஸ்டர் கேமரனும், நியூட்ரான் ஏற்பை இரண்டு வழிகளாகப் பிரித்தனர். மெதுவழியில் ஒரு நியூட்ரானை ஏற்ற கரு, அடுத்தது வருவதற்குப் பல ஆண்டுகள், சில வேளை நூற்றாண்டுகள் காத்திருக்கிறது. நிலையற்ற கருவாக இருந்தால் அதற்குள் பீட்டாச் சிதைவு நிகழ்ந்து, நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறி, அடுத்த தனிமம் பிறந்துவிடும். விரைவழியில் கண நேரத்தில் நியூட்ரான்கள் குவிந்துவிடுவதால் சிதைய அவகாசம் இல்லை.

ஆண்டின் கடைசி நாளில் திருத்தணியில் நடக்கும் திருப்படித் திருவிழாவை மெதுவழிக்கு ஒப்பிடலாம். 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி, பாடி முடித்த பின்பே அடுத்த படியில் கால் வைப்பார்கள். மெதுவழியில் இரும்பு-56இலிருந்து பிஸ்மத்-209 வரை நிறை எண்ணில் 153 படிகள். அதற்கு மேல் ஏற முடியாது. பிஸ்மத் இன்னொரு நியூட்ரானை ஏற்றால் பொலோனியமாகி, ஹீலியம் கருவை உமிழ்ந்து, ஈயத்துக்கே திரும்பிவிடும்.

நியூட்ரான் எண்ணிக்கை 50, 82, 126 ஆக இருக்கும் கருக்கள் அடுத்த நியூட்ரானை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே அங்கே தேக்கம் ஏற்படுகிறது. முதல் தேக்கத்தில் ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்க்கோனியம், இரண்டாவதில் பேரியம், லாந்தனம், சீரியம், மூன்றாவதில் ஈயம். ஹான்ஸ் சூஸும் ஹரால்டு யூரியும் 1956இல் தொகுத்த தனிம அட்டவணையில் இந்த மேடுகள் தெளிவாகத் தெரிந்தன. சூரியக் குடும்பத்தின் பேரியத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மெதுவழியில் வந்தது என்பது இன்றைய மதிப்பீடு. யூரோப்பியத்திலும் தங்கத்திலும் அந்தப் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் கீழ்.

நியூட்ரான் எங்கிருந்து வருகிறது?

விவாதத்தின் மையம் இதுதான். தனித்த நியூட்ரான் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சேமித்து வைக்க முடியாது. தேவைப்படும் இடத்திலேயே அது உருவாக வேண்டும்.

சூரியனைப்போல் ஒன்று முதல் எட்டு மடங்கு வரை நிறை கொண்ட விண்மீன் தன் இறுதிக் கட்டத்தில் கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த உள்ளகத்தைச் சுற்றி இரண்டு எரியும் அடுக்குகளைக் கொண்டிருக்கும். உள்ளே ஹீலியம் அடுக்கு, வெளியே ஹைட்ரஜன் அடுக்கு. பெரும்பாலான காலம் ஹைட்ரஜனே எரிந்து, அதன் சாம்பலான ஹீலியம் கீழே சேர்கிறது. பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஹீலியம் திடீரெனப் பற்றிக்கொள்கிறது. இந்த வெப்பத் துடிப்பை 1965இல் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்டும் ரிச்சர்டு ஹார்மும் கணினிக் கணக்கில் கண்டனர். துடிப்பு அடங்கியதும் வெளியடுக்கின் கொதிப்பு கீழிறங்கி, உள்ளே வெந்த பொருளை மேலே கொண்டுவருகிறது. ‘மூன்றாம் தூர்வாரல்’ எனப்படும் இதுதான் டெக்னீசியத்தை மேற்பரப்புக்கு ஏற்றிவிடுவது.

இந்த அமைப்பில் நியூட்ரான் தரக்கூடிய இரண்டு வினைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, நியான்-22 ஹீலியம் கருவோடு சேர்ந்து மக்னீசியம்-25ஆகி நியூட்ரானை விடுவிப்பது. 1970களில் ஐக்கோ ஐபென் வலியுறுத்திய இந்த வினைக்கு ஏறத்தாழ முப்பது கோடி டிகிரி வெப்பம் வேண்டும். நிறை கூடிய விண்மீன்களின் வெப்பத் துடிப்பில்தான் அது தாராளமாகக் கிடைக்கும். மற்றொன்று, கேமரன் 1950களிலேயே சொன்ன கார்பன்-13 வினை. அதற்குப் பத்துக் கோடி டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெப்பமே போதும்.

இரண்டில் எது என்பதைத் தீர்க்க ரூபிடியம் உதவியது. மெதுவழிப் பாதை கிரிப்டான்-85ஐ அடையும்போது கிளை பிரிகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 10.8 ஆண்டுகள். நியூட்ரான்கள் அரிதாக வந்தால் அது சிதைந்து ரூபிடியம்-85 ஆகும். நெருக்கமாக வந்தால் மேலும் ஏற்று, வேறு பாதையில் ரூபிடியம்-87 ஆகிக் குவியும். ஆகவே ரூபிடியத்துக்கும் சிர்க்கோனியத்துக்கும் உள்ள விகிதம் நியூட்ரான் அடர்த்தியைக் காட்டிக்கொடுக்கிறது. டேவிட் லாம்பர்ட் குழுவினர் 1995இல் வெளியிட்ட அளவீடுகளில் அந்த விகிதம் தாழ்ந்தே இருந்தது. கன சென்டிமீட்டருக்கு ஒரு கோடி அளவிலான மெலிந்த நியூட்ரான் அடர்த்தி என்பது அதன் பொருள். நியான் வினையானால் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வந்திருக்கும். வழக்கமான செம்பெரு விண்மீன்களில் கார்பன்-13தான் முதன்மை என்ற முடிவு அதன்பின் உறுதிப்பட்டது. அதே 1995இல் ஆஸ்கார் ஸ்ட்ரானியரோ குழுவினர், கார்பன்-13 எரிவது துடிப்பின்போது அன்று, துடிப்புகளுக்கு இடைப்பட்ட பத்தாயிரக்கணக்கான ஆண்டு அமைதியில்தான் என்று காட்டினர்.

நியான் வினை ஒதுக்கப்படவில்லை. நிறை மிக்க, தூசு சூழ்ந்த விண்மீன்களில் ரூபிடியம் மிகுதியாக இருப்பதை 2006இல் அனிபால் கார்சியா-எர்னாண்டஸ் குழுவினர் கண்டனர். அங்கே நியான் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் முதலில் கணித்த ரூபிடிய அளவு கோட்பாடு தாங்காத அளவுக்குப் பெரியது. விண்மீனைச் சூழ்ந்த வாயுவையும் கணக்கில் எடுத்த பின்னரே அது குறைந்தது.

கார்பன்-13 விடைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஹைட்ரஜன் எரிந்த சாம்பலில் மிஞ்சும் கார்பன்-13 தேவைக்குப் போதாது. வெளியடுக்கிலிருந்து கொஞ்சம் புரோட்டான்கள் கீழே நழுவி, அங்குள்ள கார்பன்-12ஓடு சேர்ந்து கார்பன்-13ஐ உருவாக்க வேண்டும். புரோட்டான் அதிகமானால் நைட்ரஜன்-14 உருவாகி நியூட்ரான்களை விழுங்கிவிடும், குறைந்தால் பயனில்லை. இப்படி அமையும் ‘கார்பன்-13 பை’ சூரிய நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான மெல்லிய வளையம். அதை அமைப்பது எது? வெப்பச்சலனம் எல்லை தாண்டி வழிவது, சுழற்சி, உட்புற அலைகள், காந்தப்புலத்தின் மிதப்பு என நான்கு விடைகளாவது புழக்கத்தில் உள்ளன. பல கணக்குகளில் பையின் அளவு கோட்பாட்டிலிருந்து வருவதில்லை. கண்டறிந்த தனிம அளவுகளுக்கு ஏற்பக் கையால் பொருத்தப்படுகிறது. அப்படிப் பொருத்திய மாதிரி தரவுகளோடு ஒத்துப்போவதை முழு வெற்றியாகக் கொள்வது அவசரம்.

விண்கல் துகள்கள் இங்கே கூடுதல் பிடிப்பைத் தருகின்றன. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில், சூரியனுக்கு முன்பே உருவான சிலிக்கான் கார்பைடு துகள்கள் பின்னர் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை செம்பெரு விண்மீன்களின் காற்றில் உறைந்தவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளில் ஐசோடோப்பு விகிதத்தை அளக்க முடிவது, நிறமாலை தராத துல்லியம். 2004இல் மைக்கேல் சவீனா குழுவினர் இத்துகள்களில் ருத்தேனியம்-99 கூடுதலாக இருப்பதைக் கண்டனர். டெக்னீசியம்-99 சிதைந்து மிஞ்சிய தடயம் அது. மெரில் தொலைநோக்கியில் பார்த்ததன் எச்சத்தை ஆய்வகம் கையில் எடுத்துவிட்டது எனலாம்.

துணைமீன் காட்டும் சாட்சி

பேரியம் மிகுந்த விண்மீன்களை வில்லியம் பிடெல்மனும் பிலிப் கீனனும் 1951இல் தனி வகையாகப் பிரித்தனர். அவற்றில் டெக்னீசியம் இல்லை; பேரியத்தைத் தாமே உருவாக்கும் அளவு அவை முதிரவும் இல்லை. 1980களில் ராபர்ட் மெக்ளூர், இவை இரட்டை விண்மீன்கள் என்று காட்டினார். முன்னரே முதிர்ந்த துணை தன் பொருளை இதன்மேல் கொட்டிவிட்டு வெண்குறுமீனாகச் சுருங்கிவிட்டது. மகர விண்மீன் குழுவின் ஸீட்டா, இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் இத்தகைய விண்மீன்.

இந்த வகைகளை ஆராய்ந்ததில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு நீண்ட பங்கு உண்டு. திருத்தணியிலிருந்து தென்மேற்கே, வான்வழியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்காணகம் அந்த நிறுவனத்தினுடையது. வானியலாளர் எம். கே. வைணு பாப்பு தேர்ந்த இடம் அது. அங்கே 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், அவர் மறைவுக்குப் பின் 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. 12.5 பாகை வட அகலாங்கில் இருப்பதால் தெற்கு வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து எட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்கள் மட்டும் கைகொடுப்பதில்லை.

எம். பார்த்தசாரதியும் ஸ்டூவர்ட் பொட்டாஷும் 1986இல், எச்டி 161796 போன்ற சில விண்மீன்கள் செம்பெரு கட்டத்தைக் கடந்து, தாம் உமிழ்ந்த தூசுறைக்குள் இருப்பதை அகச்சிவப்புத் தரவால் காட்டினர். இக்கட்டத்தில் உள்ள விண்மீன்கள் சிலவற்றில் மெதுவழித் தனிமங்கள் கொட்டிக்கிடக்கின்றன. வேறு சிலவற்றில் சுவடே இல்லை. தூர்வாரல் எல்லா விண்மீனிலும் நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. அருணா கோஸ்வாமியும் உடன் ஆய்வாளர்களும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி முதலியவற்றைக் கொண்டு, இரும்பு குறைந்த கார்பன் விண்மீன்களைத் தேடித் தொகுத்து வந்துள்ளனர்.

நிறமாலைக் கோட்டின் ஆழத்தைத் தனிம அளவாக மாற்ற, எத்தனை அணு எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மேகநாத் சாகாவின் 1920ஆம் ஆண்டுச் சமன்பாடே இன்றும் அடிப்படை. ஆனால் விண்மீன் வளிமண்டலம் சமநிலையில் இருப்பதாகக் கொள்வது, துடிக்கும் செம்பெரு விண்மீன்களில் நம்பத் தகுந்த அனுமானம் அன்று.

இரண்டு வழிகள் போதுமா?

இரும்பு குறைந்த விண்மீனில் ஏற வேண்டிய கருக்கள் குறைவு. கருவொன்றுக்குக் கிடைக்கும் நியூட்ரான் அதிகம். ஆகவே படி முழுவதும் ஏறி ஈயம் குவிய வேண்டும் என்று கோட்பாடு முன்கூட்டிச் சொன்னது. சோஃபி வான் எக் குழுவினர் 2001இல் அத்தகைய மூன்று ‘ஈய விண்மீன்களை’ அறிவித்தனர். முன்கணிப்பு பலித்த அரிய தருணம் அது. ஆனால் மெகல்லன் முகில்களில் உள்ள சில முதிர்ந்த விண்மீன்களில் எதிர்பார்த்த ஈயம் தென்படவில்லை. ஒரே கோட்பாடு ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் தவறும்போது, பிழை கார்பன்-13 பையிலா, நியூட்ரான் அடர்த்தியிலா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இன்னொரு முரண், பேரியமும் யூரோப்பியமும் ஒருசேர மிகுந்த பழைய விண்மீன்கள். முன்னது மெதுவழியின் அடையாளம், பின்னது விரைவழியின் அடையாளம். விரைவழிப் பொருள் கலந்த முகிலில் பிறந்த விண்மீன்மேல் துணைமீன் பின்னர் பேரியத்தைக் கொட்டியது என்பது ஒரு விளக்கம். அத்தகைய விண்மீன்கள் இத்தனை இருப்பதற்கு அவ்வளவு தற்செயல்கள் வேண்டியிருப்பது அதன் பலவீனம். நடுத்தர நியூட்ரான் அடர்த்தியில் இயங்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பது மற்றொன்று. ஜான் கோவனும் வில்லியம் ரோஸும் 1977இல் சொல்லிவிட்டுப் போன கருத்து அது. 1996இல் திடீரென ஒளிர்ந்த சகுராய் விண்மீனின் விசித்திரமான தனிம அளவுகளை ஃபால்க் ஹெர்விக் குழுவினர் 2011இல் இந்த வழியால் விளக்கிய பின் கருத்து உயிர்பெற்றது. இன்று பல விண்மீன்களின் தனிமப் பட்டியலுக்கு இதுவே நன்றாகப் பொருந்துகிறது. எந்த விண்மீனில், எந்தக் கட்டத்தில் இது நடக்கிறது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை.

விரைவழிக்கான இடம் 2017 ஆகஸ்டு 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலால் ஓரளவு தெளிவானது. அந்த ஒளியில் ஸ்ட்ரான்சியத்தின் சாயல் தெரிந்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டது. ஸ்ட்ரான்சியத்தைச் செம்பெரு விண்மீன்கள் மட்டுமே தருவதில்லை என்பதை இது நினைவூட்டுகிறது. ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்க்கோனியம் மூன்றிலும் ஏறத்தாழ 8 முதல் 18 விழுக்காடு வரை கணக்கு உதைப்பதாக 2004இல் கிளாடியா திரவாலியோ குழுவினர் சுட்டி, அடையாளம் தெரியாத இன்னொரு வழி இருக்கலாம் என்றனர். சுழலும் பெரிய விண்மீன்களையும் சேர்த்தால் புதிய வழி தேவையில்லை என்பது பின்வந்தோர் வாதம். பெரிய பைகளே போதும் என்பாரும் உண்டு.

தீராதவை

ஆய்வகத்தில் கார்பன்-13 வினையின் நிச்சயமின்மை நன்றாகக் குறைந்துவிட்டது. விண்கதிர் இடையூறு எட்டாத ஆழத்தில், இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவிலும் சீனாவின் ஜின்பிங்கிலும் 2021, 2022 ஆண்டுகளில் வெளியான அளவீடுகள் அதற்குக் காரணம். நியான்-22 வினை அந்த நிலையை எட்டவில்லை. அதன் வேகம் மாறினால் கிரிப்டான் போன்ற கிளைப் புள்ளிகளின் முடிவும் மாறும். கடும் வெப்பத்தில் சில கருக்களின் பீட்டாச் சிதைவு பூமியில் இருப்பதைவிட வேகமாக நடக்கும். அதை நேரடியாக அளந்த கருக்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை.

எஞ்சுவது புரோட்டான் நழுவும் அந்த மெல்லிய எல்லை. ஒரு பரிமாணக் கணக்குகளில் அதை விதியாக எழுதி வைக்கிறார்கள்; முப்பரிமாணக் கணக்குகளோ விண்மீனின் சில மணிநேரத்தைத் தாண்டவே திணறுகின்றன, வேண்டியதோ பல்லாயிரம் ஆண்டுகள். முதிர்ந்த செம்பெரு விண்மீன்கள் கனத் தனிமங்களில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றன என்பதில் இன்று ஐயமில்லை. ஒரு குறிப்பிட்ட நிறையும் இரும்பளவும் கொண்ட விண்மீன் எவ்வளவு பேரியத்தை, எவ்வளவு ஈயத்தைத் தரும் என்பதை, கண்டதற்கேற்பப் பொருத்தாமல் முன்கூட்டிச் சொல்லும் கணக்கு இன்னும் கைகூடவில்லை.